ஆறாவது சுற்று

பனியின் மேல் நீலச் சாயத்தால் நீளமாக ஒரு கட்டம் போட்டிருந்தார்கள். அதற்குள் நான் நின்றுகொண்டிருந்தேன். கொஞ்ச நேரம் முன்புவரை அங்கே நிற்க இடமில்லாமல் பெண்கள் நெருக்கியடித்துக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொருத்தியின் ஜோடியும் பனியில் சறுக்கி வந்து அவள் முதுகில் கையால் தட்டியதும், தட்டு வாங்கியவள் சிட்டாய்ப் பறந்தாள். தட்டியவள் அப்படியே பனியில் விழுந்து மூச்சு வாங்கினாள். ஒருத்தி ஒருத்தியாகக் கிளம்பிப் போய், கடைசியில் கட்டத்துக்குள் நான் மட்டும் மிச்சம். மூக்கு நுனி எனக்குச் சொந்தமானதுதானா என்று சந்தேகமாக இருந்தது. கண்ணை எடுக்காமல் வழியையே பார்த்துக்கொண்டிருந்தேன். வரவேண்டியவள் வரவில்லை. சிவப்புச் சட்டை போட்ட ஓர் அதிகாரி என்னிடம் வந்து, இரண்டு கைகளையும் நெஞ்சுக்கு முன்னால் குறுக்காக வைத்துக் காட்டினார். முடிந்தது, வெளியே வா என்று அர்த்தம். “இல்ல சார், ராத்தா வரணும்” என்று நான் தமிழில் சொன்னேன். பதறிப்போனால் எனக்குத் தமிழ்தான் வரும். அவர் தலையைச் சாய்த்து, பரிதாபமாகச் சிரித்து, கட்டத்தின் ஓரத்துக் கயிற்றைத் தூக்கிப் பிடித்தார். நான் குனிந்து வெளியே போனேன்.

பனிச்சறுக்கு என்றதும் நம்மவர்களுக்கு மலையுச்சியிலிருந்து சர்ரென்று இறங்குவதுதான் நினைவுக்கு வரும். எங்களுடையது அந்த வகை இல்லை. சமதளத்திலும் ஏற்றத்திலும் காலில் மெல்லிய பட்டைகளைக் கட்டிக்கொண்டு, இரண்டு கைகளிலும் கோல்களை ஊன்றி, உடம்பையே தள்ளிக்கொண்டு ஓடுவது. கிராஸ் கன்ட்ரி என்பார்கள். அதில் டீம் ஸ்பிரின்ட் என்று ஒரு போட்டி. அணிக்கு இரண்டே பேர். ஒருத்தி ஒரு சுற்று போய் வந்து மற்றவளைத் தட்ட வேண்டும். அவள் ஒரு சுற்று போய் வந்து இவளைத் தட்ட வேண்டும். ஆளுக்கு மூன்றாக மொத்தம் ஆறு சுற்று. கைமாற்றிக்கொள்ளக் குச்சியோ துணியோ எதுவும் கிடையாது, உள்ளங்கை ஒன்றுதான். ராத்தா முதல் ஆள். அதனால் ஒன்றும் மூன்றும் ஐந்தும் அவளுடையவை. இரண்டும் நான்கும் ஆறும் என்னுடையவை. இதில் ஒரு கொடுமையான விதி உண்டு. முன்னால் போகிற அணி ஒரு முழுச் சுற்று அதிகமாக ஓடி, பின்னாலிருந்து வந்து உங்களைத் தாண்டிவிட்டால், நீங்கள் அந்த இடத்திலேயே பந்தயத்தைவிட்டு விலகிவிட வேண்டும். அன்றைக்கு ராத்தாவை ஐந்தாவது சுற்றில் தாண்டிவிட்டார்கள். என்னுடைய ஆறாவது சுற்று நடக்கவே இல்லை. பாதி வழியில் அவளை ஒதுக்கி நிறுத்திவிட்டார்கள் என்பது எனக்குத் தெரியாது. நான் அங்கே அவள் அறைக்காகக் காத்துக்கொண்டு நின்றேன்.

ராத்தா என்று அவளை நான் கூப்பிட்டது அவளுடைய தம்பிகள் கூப்பிட்டதைப் பார்த்துத்தான். கீழக்கரைப் பக்கத்து முஸ்லிம் வீடுகளில் அக்காவை அப்படித்தான் அழைப்பார்களாம். அவளுடைய வாப்பா போசரி தொழிற்பேட்டையில் ஹார்டுவேர் கடை வைத்திருந்தார். என்னுடைய அப்பா திண்டுக்கல்லிலிருந்து வந்து ஆகுர்டியில் ஒரு வண்டித் தொழிற்சாலையில் வேலை பார்த்தார். இரண்டு குடும்பமும் புனேயில்தான் இருந்தன என்றாலும், நாங்கள் தமிழர்கள் என்று தெரிந்துகொண்டு பழகவில்லை. ஸ்கேட்டிங் மைதானத்தில் பயிற்சியின்போது நான் அவள் மேல் மோதி விழுந்தேன். அவள் முழங்கையைத் தடவிக்கொண்டே மராட்டியில் இரண்டு வார்த்தை திட்டினாள். நான் வாய்க்குள் தமிழில் ஒரு வார்த்தை திட்டினேன். “அடியே, அது எனக்குப் புரியும்டி” என்றாள். அவள் என்னைவிட ஐந்தாறு வயது பெரியவள். அந்த வயதில் அது பெரிய வித்தியாசம். ஆனால் அன்று மாலையே அவள் எனக்கு வடாபாவ் வாங்கிக் கொடுத்து, கூட வந்த பச்சைமிளகாயை மட்டும் தனக்கென்று எடுத்துக்கொண்டாள். அதற்குப் பிறகு எங்களைப் பிரிக்க ஆளில்லை.

எங்களைப் பனிக்கு இழுத்துப் போனவர் எங்கள் கோச். பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்ற மராட்டியர். ஸ்கேட்டிங்கில் நன்றாகப் போகிற கால்களுக்கு இந்த ஓட்டமும் வரும் என்பது அவருடைய நம்பிக்கை. முதல் முறை காஷ்மீருக்குக் கூட்டிப்போனபோது பனியை நாங்கள் இருவரும் காலால் தொடாமல் கையால்தான் தொட்டுப் பார்த்தோம். ராத்தா கொஞ்சம் எடுத்து வாயில் போட்டுக்கொண்டு, “ஃப்ரிட்ஜ் வாசனை அடிக்குதுடி” என்றாள். அங்கே எங்களுக்குக் கிடைப்பது வருஷத்தில் சில வாரங்கள்தான். மற்ற நாளெல்லாம் புனே. பனி இல்லாத ஊரில் இதற்கு ஒரு மாற்று உண்டு. பட்டைக்குப் பதிலாக முன்னும் பின்னும் சக்கரம் வைத்த நீளமான கட்டைகள். ரோலர் ஸ்கீ. அதைக் காலில் மாட்டிக்கொண்டு, கையில் கோல்களோடு தார் ரோட்டில் ஓட வேண்டும். அதற்குப் பிரேக் கிடையாது. இது தெரியாத ஊரில் எங்களைப் பார்த்தவர்கள் என்ன நினைத்திருப்பார்கள் என்று நான் யோசிப்பதில்லை. காலை நடைக்கு வந்த ஒரு பெரியவர் எங்களை நிறுத்தி, இது எந்தக் கோயிலுக்கு வேண்டுதல் என்று மராட்டியில் கேட்டார். ராத்தா முகத்தைச் சீரியஸாக வைத்துக்கொண்டு, “மகாபலேஷ்வர், காகா” என்றாள். அவர் எங்களைப் பார்த்துக் கும்பிட்டார்.

போசரியில் வியாழக்கிழமைதான் தொழிற்பேட்டைக்கு வார விடுமுறை. பட்டறைகள் எல்லாம் ஷட்டரை இறக்கிவிடும். லாரி நடமாட்டம் குறையும். அதனால் கைமாற்றும் பயிற்சியை வியாழக்கிழமைகளில் அங்கே வைத்துக்கொண்டோம். ரோட்டின் நடுவில் நான் சுண்ணாம்புக் கட்டியால் கட்டம் போட்டு நிற்பேன். ராத்தா பின்னாலிருந்து வந்து என் தோள்பட்டைகளுக்கு நடுவில் அறைவாள். அவளுக்கு மெதுவாகத் தட்டத் தெரியாது. “தட்டுறியா, குத்துறியா?” என்று கேட்டால், “வாங்கினோம்னு உனக்குத் தெரிய வேணாமா?” என்பாள். குறைந்தது என்றாலும் லாரி இல்லாமல் போய்விடாது. வியாழக்கிழமையிலும் வெளியூர்ச் சரக்கு வரும். பின்னாலிருந்து ஹாரன் கேட்டால் யோசிக்காமல் இடது பக்கம் ஒதுங்கிவிட வேண்டும். ஒதுங்கத் தாமதமானால் டிரைவர் தலையை வெளியே நீட்டி, “ஏ தாயி, பாஜுலா ஹோ!” என்று கத்துவார். ஓரம் போ என்கிறார். வருஷக்கணக்காக எங்கள் காதும் காலும் அதற்குப் பழகிப்போயிருந்தன. பின்னால் சத்தம் வந்தால் இடது பக்கம். உயிரோடு வீடு திரும்ப எங்களுக்குத் தெரிந்த ஒரே வழி அது.

அந்தப் பழக்கம்தான் முதல் போட்டியில் எங்களைக் கவிழ்த்தது. ஐரோப்பாவின் வடக்கே ஒரு ஊர். சுற்றிலும் பெரிய நாடுகளின் அணிகள். அவர்களுக்குப் பட்டைக்கு மெழுகு பூசவே ஒரு லாரி நிறைய ஆட்கள். எங்களுக்குக் கோச்சும், புனேயிலிருந்து அவர் பெட்டியில் கொண்டுவந்த துணி தேய்க்கிற இஸ்திரிப் பெட்டியும். அதில்தான் மெழுகை உருக்கினார். அது போகட்டும். ஓட்டம் தொடங்கியதும் ராத்தா நன்றாகத்தான் போனாள். ஆனால் பின்னால் வந்த ஒருத்தி மூச்சுக்கு நடுவில் ஏதோ சத்தம் கொடுக்க, இவள் சட்டென்று இடது பக்கம் ஒதுங்கி வழிவிட்டாள். அடுத்து இன்னொருத்தி சத்தம் கொடுத்தாள். அவளுக்கும் வழி. பந்தயத்தில் யாரும் யாருக்கும் அப்படி வழிவிட வேண்டியதில்லை. முடிந்தால் சுற்றிக்கொண்டு போகட்டும் என்று தன் கோட்டிலேயே போகலாம். ராத்தா ஒவ்வொரு தடவையும் அழுத்தமான தடத்தைவிட்டு, ஓரத்துப் பொதபொதப் பனியில் இறங்கி, மறுபடி ஏறி வந்தாள். உலகத்தின் வேகமான பெண்களுக்கெல்லாம் போசரி மரியாதை செய்துகொண்டிருந்தாள். இரண்டாவது சுற்றிலும் நான்காவது சுற்றிலும் நானும் அதையே செய்தேன். கோச் ஓரத்தில் நின்று தொண்டை கிழியக் கத்தினாராம். அவர் கத்தலையும் ஹாரன் கணக்கில் சேர்த்துக்கொண்டோமோ என்னவோ.

வெளியே வந்தபோது ராத்தா வேலி ஓரமாகக் குந்தியிருந்தாள். கம்பளித் தொப்பிக்குள் அவள் எப்போதும் கட்டுகிற தலைத்துணி வியர்வையில் ஊறி விறைத்திருந்தது. “வழி கேக்குறாங்களேடி, எப்படி விடாம இருக்கறது?” என்றாள். எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. அவள் அழவில்லை. என்னை நிமிர்ந்து பார்த்து, “நீ அங்க ரொம்ப நேரம் நின்னியா?” என்று கேட்டாள். ஆமாம் என்றேன். “தனியாவா?” ஆமாம். பேருந்தில் திரும்பும்போது ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு, “அடுத்த தடவ ஆறாவது சுத்த உன் கையில கொண்டாந்து குடுக்கறேன். அதுக்கப்புறம் என்ன வேணா ஆவட்டும்” என்றாள். பதக்கம், இடம், பெயர் இதெல்லாம் எங்களுக்கு எட்டாத உயரத்தில் இருந்தன. நாங்கள் கேட்டது அந்த ஒரு சுற்றைத்தான். இரண்டு பேரும் ஓடி முடித்தோம் என்று சொல்லிக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான்.

ஊர் திரும்பியதும் பழக்கத்தை மறக்கிற பயிற்சி ஆரம்பமானது. இது உலகத்தில் வேறு எந்த அணிக்கும் தேவைப்பட்டிருக்காது. வாப்பா தன் பழைய ஸ்கூட்டரில் ராத்தாவுக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டே வந்து, விடாமல் ஹாரன் அடிப்பார். அவள் ஒதுங்கக் கூடாது. முதல் சில வியாழக்கிழமைகளில் அவள் ஹாரன் கேட்டதும் ஒதுங்கிவிட்டு, “ஐயோ வாப்பா, மாஃப் கரோ” என்று மன்னிப்புக் கேட்டுத் தலையில் அடித்துக்கொண்டாள். வாப்பா ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு, “கடன்காரன் வந்து கத்துறான்னு நெனச்சுக்கம்மா. காதுல வாங்காமப் போ” என்று யோசனை சொன்னார். தொழிற்பேட்டைக் காவலாளிகள் வெளியே வந்து, பெற்ற பெண்ணை இப்படி விரட்டுகிறாரே என்று அவரோடு சண்டைக்கே வந்துவிட்டார்கள். மெல்ல மெல்ல அவள் முதுகு கெட்டிப்பட்டது. ஹாரன் அலறினாலும் நேர்கோட்டில் போனாள். எனக்கும் அதே சிகிச்சை நடந்தது. ஆனால் என் பின்னால் ஹாரன் அடிக்கும்போது வாப்பாவுக்குச் சிரிப்பு வந்துவிடும். அதனால் எனக்கு முழுசாகக் குணமாகவில்லை.

இதற்கு நடுவில் நாங்கள் போன முகாம்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். அந்தத் தனிமைக்கு முன்னால் மற்றதெல்லாம் ஒன்றுமில்லை. இமயமலை அடிவாரத்தில், வெளிநாட்டுப் பனி ஊர்களில், மூன்று மணிக்கே இருட்டிவிடுகிற இடங்களில், எங்கள் மொழி பேசுகிற ஆள் நாங்கள் இரண்டு பேர்தான். மற்ற நாட்டுப் பெண்கள் கெட்டவர்கள் இல்லை. காலையில் சிரிப்பார்கள். ஆனால் சாப்பாட்டு மேஜையில் எங்கள் எதிரில் இருக்கிற நாற்காலி எப்போதும் காலியாகத்தான் இருக்கும். எங்களிடம் பேச அவர்களுக்கு என்ன இருக்கிறது? ராத்தா அந்தக் காலி நாற்காலியைப் பார்த்து, “வாங்க மாப்ள, உக்காருங்க. ரொட்டி எடுத்துக்குங்க” என்று உபசரிப்பாள். நான் சிரித்துப் புரையேறுவேன். கட்டிலுக்குக் கட்டில் பேசிக்கொண்டே தூங்கிப்போவோம். ஒருநாள் அவள், “உனக்கு அந்தக் கோடு ஃபினிஷ் லைனு. எனக்கு உன் முதுகுதான்டி ஃபினிஷ் லைனு. வந்து ஒரு அறை விட்டேன்னா என் வேலை முடிஞ்சுது” என்றாள். அப்போது அது வேடிக்கையாகத்தான் இருந்தது. முதல் ஆளுக்கும் இரண்டாம் ஆளுக்கும் பந்தயம் ஒன்றாக முடிவதில்லை என்பதை நான் யோசித்துப் பார்த்ததில்லை.

இரண்டாவது பெரிய போட்டி வேறு ஒரு நாட்டில் நடந்தது. அந்த வருஷமே ராத்தாவின் வலது முட்டி தகராறு செய்துகொண்டிருந்தது. ஏறும்போது வலிக்காது, இறங்கும்போது வலிக்கும் என்று சொல்லிச் சமாளித்தாள். ஓட்டத்தன்று வெயில் அடித்தது. எங்களைப் போன்றவர்களுக்கு அது நல்லது. பனி சற்று இளகி எல்லோரையும் ஒரே மாதிரி சிரமப்படுத்தும். நான்கு சுற்று முடிந்து நான் அவளைத் தட்டியபோது நாங்கள்தான் கடைசி. ஆனால் பந்தயத்துக்குள் இருந்தோம். ஐந்தாவது சுற்றுக்கு அவள் கிளம்பினாள். நான் நீலக் கட்டத்துக்குள் போய் நின்றேன். முன்னால் இருந்தவர்கள் வந்து தட்ட, தட்டு வாங்கியவர்கள் ஆறாவது சுற்றுக்குப் போனார்கள். பழையபடி கட்டம் காலியானது. கடைசியில் நான் மட்டும் நின்றேன். அந்தச் சிவப்புச் சட்டை எந்தப் பக்கத்திலிருந்து வரும் என்று திரும்பித் திரும்பிப் பார்த்தேன்.

திடீரென்று கூட்டம் ஆர்ப்பரித்தது. முதலிடத்தில் இருந்தவள் தன் கடைசிச் சுற்றை முடிக்க மைதானத்துக்குள் நுழைந்துகொண்டிருந்தாள். மணி, ஊதல், கொடிகள், ஒலிபெருக்கியில் அவள் பெயர். அவளுக்குக் கொஞ்சம் முன்னால், அந்த ஆரவாரத்துக்கெல்லாம் சம்பந்தமே இல்லாதவளாக, ராத்தா வந்துகொண்டிருந்தாள். மைதானத்துக்குள் வழி இரண்டாகப் பிரிகிறது. ஒன்று முடிவுக் கோட்டுக்கு, ஒன்று எங்கள் கட்டத்துக்கு. பிரிகிற இடம்வரை அவளைத் தாண்டாமல் இருந்துவிட்டால் எங்களுக்கு ஆறாவது சுற்று உண்டு. பின்னால் வந்தவள் சத்தம் கொடுத்தாள். அவளுடைய நாட்டுக்காரர்கள் எல்லோரும் சேர்ந்து சத்தம் கொடுத்தார்கள். அத்தனை ஹாரனும் ராத்தாவின் முதுகுக்குப் பின்னால் அலறின. அவள் ஒதுங்கவில்லை. தலையைக்கூடத் திருப்பவில்லை. யார் வழியையும் மறிக்காமல் தன் கோட்டிலேயே நேராக வந்து, பிரிவில் எங்கள் பக்கம் திரும்பினாள். முகம் கோணிப்போயிருந்தது. முட்டி வலி என்று எனக்குத் தெரியும். நான் திரும்பி நின்றேன். முதுகில் விழுந்த அறையில் என் நெஞ்சு அதிர்ந்தது. “போ!” என்றாள். போனேன்.

அந்தச் சுற்றைப் போலத் தனிமையான இடத்துக்கு நான் அதற்கு முன்பு போனதில்லை. நான் மைதானத்தைவிட்டு வெளியேறும்போதே பின்னால் வெற்றி பெற்றவளுக்கு இசை போட்டுவிட்டார்கள். எனக்கு முன்னால் இருந்தவர்கள் எல்லோரும் முடித்துக்கொண்டிருந்தார்கள். காட்டுக்குள் தடம் காலியாகக் கிடந்தது. அத்தனை பேர் உழுதுவிட்டுப் போன பனியில் என் பட்டைகள் கரகரவென்று சத்தம் போட்டன. ஓரத்தில் நின்று கத்துகிறவர்கள் மைதானத்தைப் பார்க்க நடந்துகொண்டிருந்தார்கள். விளம்பரப் பலகைகளைக் கழற்றிக்கொண்டிருந்த ஒருவர், இன்னும் ஒருத்தி வருகிறாள் என்று எதிர்பார்க்காமல் தடத்தின் நடுவில் பலகையோடு நின்றார். என்னைப் பார்த்ததும் பதறி ஓரம் போனார். எனக்கு ஒருவர் வழிவிட்டது அந்த ஒரு தடவைதான். பெரிய ஏற்றத்தில் என் மூச்சு எனக்கே பயமாகக் கேட்டது. நான் நின்றுவிட்டால்கூட யாருக்கும் தெரியாது, யாரும் காத்திருக்கவில்லை என்று தோன்றியது. தோன்றியதும் கண் கலங்கியது. கடைசி மேட்டில் ஏறியபோது மைதானம் தெரிந்தது. இருக்கைகள் பாதி காலி. மற்ற ஜோடிகள் போர்வையைப் போர்த்திக்கொண்டு உள்ளே போயிருந்தார்கள். முடிவுக் கோட்டுக்கு அப்பால் ஒரே ஒருத்தி, இடது காலில் பாரத்தைப் போட்டு, வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ராத்தா. நான் கோட்டைத் தாண்டி அவள் காலடியில் போய் விழுந்தேன். அவள் குனிய முடியாமல் கோலால் என் தோளைத் தட்டி, “எந்திரிடி, பசிக்குது” என்றாள்.

ஊருக்கு வந்த கொஞ்ச நாளில் அவள் ஓட்டத்தை நிறுத்திவிட்டதாகக் கோச்சிடம் சொன்னாள். எனக்கு அவர் சொல்லித்தான் தெரியும். அடுத்து நிக்காஹ், பிறகு ஷார்ஜா. எல்லாம் சீக்கிரம் நடந்தது. கல்யாண வீட்டில் மருதாணிக் கையைத் தூக்கிக் காட்டி, “இனிமே இத வெச்சுத் தட்டுனா உன் சட்ட சிவந்துரும்” என்று சிரித்தாள். நானும் சிரித்துவைத்தேன். உள்ளுக்குள் எனக்கு ஆத்திரமாக இருந்தது. இரண்டு பேர் போட்டியில் ஒருத்தி போய்விட்டால் மற்றவள் பாதியாக மிஞ்சுவதில்லை; ஒன்றுமே மிஞ்சுவதில்லை. அடுத்த பனிக்காலத்தில் நான் முகாமுக்குத் தனியாகப் போனேன். தனி ஆள் ஓட்டங்கள் இருந்தன, ஓடினேன். டீம் ஸ்பிரின்ட் நாளன்று வேலிக்கு வெளியே நின்று, மற்றவர்கள் தட்டிக்கொள்வதைப் பார்த்தேன். இன்னொரு பெண் கிடைப்பாள் என்று கோச் சொல்லிக்கொண்டே இருந்தார். வந்தவர்கள் ஒரு சீசன் தாங்கவில்லை. உண்மையைச் சொன்னால், வந்தவர்கள் தட்டியது எனக்கு உறைக்கவே இல்லை. நானும் நிறுத்திவிட்டேன்.

இப்போது எனக்குப் புனேயிலேயே, மகர்பட்டாவில் ஒரு கம்பெனியில் வேலை. பன்னிரண்டாவது மாடியில் ஒற்றைப் படுக்கையறை வீடு. அப்பாவும் அம்மாவும் திண்டுக்கல்லுக்குத் திரும்பிவிட்டார்கள். ஆபீசில் சென்னைப் பிள்ளைகள், கோயம்புத்தூர்ப் பிள்ளைகள் நிறைய. மதியம் ஒன்றாகச் சாப்பிடக் கூப்பிடுவார்கள். நல்ல பிள்ளைகள். ஆனால் நான் இருபது வருஷம் இங்கே வளர்ந்ததால் என் தமிழில் பாதி இந்தி. அவர்கள் சிரிக்கிற இடத்தில் எனக்குச் சிரிப்பு வருவதில்லை. பனியில் ஓடினேன் என்று ஒருமுறை சொன்னபோது, “செம அக்கா! ஹனிமூனுக்கா?” என்று ஒருவன் கேட்டான். கல்யாணமே ஆகவில்லை என்று சொல்லிவிட்டுச் சாம்பார் ஊற்றிக்கொண்டேன். வீட்டுக்கு வந்தால் பேச ஆள் இல்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் யாரும் என் பெயரைச் சொல்லிக் கூப்பிடாமலேயே பொழுது சாய்ந்துவிடும். இதைப் புலம்பலாகச் சொல்லவில்லை. பழகிவிட்டது.

இந்த வருஷம் ராத்தாவின் கடைசித் தம்பிக்குக் கல்யாணம். அவள் பிள்ளைகளோடு போசரிக்கு வந்திருந்தாள். இடையில் எத்தனையோ முறை ஊருக்கு வந்து போயிருக்கிறாள். ஒருமுறை நான் ஊரில் இல்லை, ஒருமுறை போக மனசில்லை. இந்தத் தடவை வாப்பாவே போன் செய்து, “வரலேன்னா ஸ்கூட்டர எடுத்துட்டு உன் ஆபீஸ் வாசல்ல வந்து ஹாரன் அடிப்பேன்” என்றார். போனேன். வீடு நிறையச் சொந்தக்காரர்கள். ராத்தா சதை போட்டிருந்தாள், வலது காலைச் சற்று இழுத்து நடந்தாள். அதைத் தவிர அவளேதான். மகளை இழுத்து என் முன்னால் நிறுத்தி, “இது உம்மாவோட ஃப்ரெண்டு” என்று அறிமுகப்படுத்தினாள். ஃப்ரெண்டு! எனக்குச் சுருக்கென்றது. அந்தச் சின்னது என்னை ஏற இறங்கப் பார்த்து, “ஆன்ட்டி, நீங்க ஸ்கூல் ஃப்ரெண்டா?” என்றது. “இல்லம்மா, ரோட்டு ஃப்ரெண்டு” என்றேன். ராத்தா வாய்விட்டுச் சிரித்தாள்.

சாப்பாடு முடிந்து வட்டலாப்ப இனிப்புக் கிண்ணங்களோடு நாங்கள் இருவரும் மொட்டைமாடிக்கு ஏறினோம். சாயங்கால வெயில். கீழே சமையல்காரர்கள் அண்டாக்களைக் கழுவிக்கொண்டிருந்தார்கள். பிள்ளைகளைப் பற்றி, ஷார்ஜா வீட்டைப் பற்றி, முட்டியைப் பற்றிப் பேசினோம். பேச்சு ஓய்ந்த இடத்தில், இத்தனை வருஷம் நான் கேட்காததைக் கேட்டேன். “ஏன் ராத்தா, எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லாம நிறுத்திட்ட?”

அவள் கரண்டியை நக்கிக்கொண்டே யோசித்தாள். அவளுக்கு அதில் மறைக்க எதுவும் இல்லை என்று முகத்தில் தெரிந்தது. “முட்டி போயிருச்சுல்ல? கல்யாணப் பேச்சு வேற. ஒரு வருஷமா யோசிச்சேன்டி. எல்லாத்தையும் விட்டுரலாம், உன்ன மட்டும் எப்படி விட்டுட்டுப் போறதுன்னுதான் இருந்துச்சு. மொத தடவ நீ அங்க தனியா நின்னியே, அது என் மனச அரிச்சுக்கிட்டே இருந்துச்சு. அப்புறம் அந்தக் கடைசிச் சுத்து. ஒரு ஈ காக்கா இல்ல. வேற எவளா இருந்தாலும் அழுதுகிட்டு வந்திருப்பா. நீ மேட்டுல ஏறி வர்றே, பல்லெல்லாம் தெரியச் சிரிச்சிக்கிட்டு. சத்தியமா, அப்படி ஒரு சிரிப்பு. அப்பவே முடிவு பண்ணிட்டேன். பஸ், போதும், இவளுக்கு யாரும் வேணாம், தனியாவே ஜமாய்ச்சுருவான்னு. ரொம்ப நிம்மதியா இருந்துச்சு. இப்பக்கூட ஷார்ஜாவுல யாராச்சும் உன்னப் பத்திக் கேட்டா அதத்தான் சொல்லுவேன். அவளுக்கென்ன, ராணி மாதிரி தனியா இருக்கா.”

நான் சிரித்தது எனக்கு நினைவில் இல்லை. மேட்டில் ஏறும்வரை அழுதுகொண்டிருந்தது நன்றாக நினைவிருக்கிறது. ஏறியதும் என்ன பார்த்தேன் என்பதும் நினைவிருக்கிறது. அந்த மைதானத்தில் பார்ப்பதற்கு இருந்ததே ஒருத்திதான். அவளைப் பார்த்ததும் முகம் தானாக மலர்ந்திருக்கிறது. அவளோ அதைப் பார்த்துவிட்டு என்னை விட்டுப் போயிருக்கிறாள். சொல்ல வாயெடுத்தேன். அவள் கிண்ணத்தின் அடியில் ஒட்டியிருந்ததை வழித்து என் கிண்ணத்தில் போட்டாள். முகத்தில் அவ்வளவு நிறைவு. என்னைப் பற்றி அவள் வைத்திருக்கிற அந்த ஒரு நிம்மதியையும் பிடுங்கிக்கொண்டு, நாளைக்கு விமானம் ஏறப்போகிறவளை நான் எப்படி அனுப்புவது? அனுப்பிவிட்டு நான்தான் என்ன செய்யப்போகிறேன்?

“ஆமா ராத்தா, எனக்கென்ன” என்றேன். சிரிக்கவும் சிரித்தேன். அவளைப் பார்த்துத்தான்.